நிறுவன அமைப்பும் மென்பொருளின் வடிவமும்: பழவேற்காடு தோணிரேவை முன்வைத்து மீனவர் தகவல் அமைப்புகள் குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பெரிய நிறுவனங்கள் மென்பொருளை உருவாக்கும் முறையையும் பேணும் முறையையும் மாற்றிக்கொள்ள முனையும்போது, பெரும்பாலும் புதிய கருவிகளை வாங்குவதிலிருந்தே தொடங்குகின்றன. ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள், யாருக்கு விடையளிக்கும் கடமை இருக்கிறது என்பதே அந்நிறுவனம் உருவாக்கும் மென்பொருளின் வடிவத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். வங்கக் கடலோர மீனவர்க்கெனக் கடந்த கால் நூற்றாண்டில் உருவான தகவல் அமைப்புகளைக் கொண்டு இக்கருதுகோள் விளக்கப்படுகிறது. பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள தோணிரேவு, பல அலுவலகங்களின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இடம் என்ற வகையில் ஆய்வுக்களமாகக் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச் சொற்கள்: மென்பொருள் மேலாண்மை, நிறுவன மாற்றம், கான்வே விதி, மீனவர் தகவல் அமைப்பு, பழவேற்காடு, தோணிரேவு, பாடு முறை.

1. முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரியின் தமிழகக் கரையில் அமைந்த மீனவ ஊர்களுள் ஒன்று தோணிரேவு. ‘ரேவு’ என்பது தெலுங்கில் படகு அணையும் துறையைக் குறிக்கும். தமிழ்த் தோணியும் தெலுங்கு ரேவும் கூடிய ஊர்ப்பெயரே அப்பகுதியின் எல்லைப்புறத் தன்மைக்குச் சான்றாகிறது. ஏரியின் பெரும்பரப்பு ஆந்திர மாநிலத்தில் உள்ளது; தென்பகுதி மட்டுமே தமிழகத்தைச் சேர்ந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் ஏவுதளம் இயங்குகிறது.

இக்கரையிலிருந்து கடலுக்குச் செல்லும் மீனவர் விடியலுக்கு முன்பே சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். காற்றும் அலையும் எப்படி இருக்கும் என்பதைச் சொல்வோர், புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழுள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறையும், ஐதராபாத்தில் 1999இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்சும் ஆவர். ராக்கெட் ஏவப்படும் நாளில் கடலுக்குச் செல்லக்கூடாது. அந்நாளை முடிவு செய்வது விண்வெளித் துறை, அதை ஊருக்கு அறிவிப்பது மாநில மீன்வளத் துறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கும் அதற்கான நிவாரணத்துக்கும் மீன்வளத் துறையே பொறுப்பு. ஏரிப்பகுதி பறவைகள் சரணாலயமாகவும் இருப்பதால் வனத் துறைக்கும் அங்கு அதிகாரம் உண்டு. ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபடுவது இப்பகுதியின் நெடுநாள் சிக்கல். அது இன்று படகு கடக்கும் ஆழத்தில் உள்ளதா என்பதை அறிய, விடியலில் போய்த் திரும்பியவரைக் கேட்பதே வழக்கம்.

மீனவரின் கேள்வி ஒன்றுதான்: இன்று போகலாமா? அதற்கான விடை பல அலுவலகங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அலுவலகங்கள் தத்தம் பணிக்கேற்ற இணையதளங்களையும் செயலிகளையும் பதிவேடுகளையும் தனித்தனியே பேணுகின்றன. இந்நிலையை அலுவலர்களின் அக்கறையின்மையாகக் காண்பது எளிது. ஆனால் அது போதிய விளக்கமாகாது.

2. கான்வேயின் கருத்து

அமெரிக்கக் கணினி அறிஞர் மெல்வின் கான்வே, 1968ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘டேட்டாமேஷன்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். குழுக்கள் எவ்வாறு கண்டுபிடிக்கின்றன என்பது அதன் பொருள். ஒரு நிறுவனம் எந்த அமைப்பை வடிவமைத்தாலும், அவ்வமைப்பு அந்நிறுவனத்தின் உள் தகவல் தொடர்பு முறையை ஒத்தே அமையும் என்பது அவர் கண்ட முடிவு. மூன்று குழுக்களிடம் ஒரு பணியை ஒப்படைத்தால் மூன்று பகுதிகள் கொண்ட மென்பொருள் கிடைக்கும். இரு குழுக்கள் தம்முள் பேசாவிடில், அவர்கள் உருவாக்கிய பகுதிகளும் தம்முள் பேசா. பின்னாளில் இது கான்வே விதி எனப் பெயர் பெற்றது.

விதி என்ற சொல் சற்று மிகையே. இயற்பியல் விதிபோல் இதற்கு விலக்கற்ற உறுதி இல்லை. எனினும் இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விளைவு கவனத்துக்குரியது. மென்பொருளை மாற்ற விரும்பும் நிறுவனம் தன் பேச்சு வழிகளை மாற்றாமல் கருவியை மட்டும் மாற்றினால், புதிய கருவி பழைய வடிவத்தையே மீண்டும் எடுக்கும். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி வெளியிட்ட அஜைல் கொள்கை அறிக்கை, சிறு சிறு வெளியீடுகளையும் பயனாளரோடு இடையறாத உரையாடலையும் வலியுறுத்தியது. அதன்பின் உலகெங்கும் பெருநிறுவனங்கள் அதன் சொற்களைக் கடன் வாங்கின. நாள்தோறும் நின்றபடி கூட்டம் நடத்தும் குழுவொன்று, ஒரு சிறு திருத்தத்துக்குக்கூட நான்கு மேலதிகாரிகளின் ஒப்புதலுக்குக் காத்திருக்குமானால், அங்கு மாறியது கூட்டத்தின் பெயர் மட்டுமே.

3. இரு கருவிகள், இரு ஒருவழிப் பாதைகள்

கடலில் இடருக்குள்ளாகும் மீனவர் உதவி கோருவதற்காக இஸ்ரோ உருவாக்கிய இடர் எச்சரிக்கைக் கருவி 2010 முதல் செயல்பட்டு வருகிறது. படகில் தீப்பற்றினாலோ படகு மூழ்கினாலோ மீனவர் பொத்தானை அழுத்துவார். செய்தி செயற்கைக்கோள் வழியே கட்டுப்பாட்டு மையத்தை அடைந்து, படகின் இருப்பிடத்தோடு கடலோரக் காவல் படையின் மீட்பு மையத்துக்குச் செல்லும். 20,000க்கும் மேற்பட்ட கருவிகள் இவ்வகையில் பயன்பாட்டுக்கு வந்தன. ஆனால் அழுத்தியவருக்குத் தம் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அறிய வழியில்லை. செய்தி படகிலிருந்து கரைக்கு மட்டுமே செல்லும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக வலுப்பெற்றபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்கச் சென்றிருந்த குமரி மாவட்ட மீனவர்களும் கேரள மீனவர்களும் கைப்பேசி அலைவரிசை எட்டாத தொலைவில் இருந்தனர். எச்சரிக்கை கரையோடு நின்றது. இத்துயரின் பின்னர் ஆழ்கடலுக்குச் செய்தி அனுப்பும் முயற்சி விரைவுபெற்று, 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் கருவி அறிமுகமாயிற்று. இன்காய்சும் இந்திய விமான நிலைய ஆணையமும் இணைந்து உருவாக்கியது இது. விமானப் போக்குவரத்துக்கென அமைந்த ககன் செயற்கைக்கோள் வசதியின் வழியே புயல் எச்சரிக்கையும் மீன்வளம் மிகு பகுதிகள் பற்றிய குறிப்பும் படகிலுள்ள கருவிக்கு வந்து, அங்கிருந்து கைப்பேசிச் செயலிக்குச் செல்லும். ஆயின் மீனவர் இதன் வழி விடையனுப்ப இயலாது. செய்தி கரையிலிருந்து படகுக்கு மட்டுமே செல்லும்.

ஆக 2019இல் இந்திய மீனவர்க்கு இரு செயற்கைக்கோள் கருவிகள் இருந்தன. ஒன்று பேசும், கேளாது. மற்றொன்று கேட்கும், பேசாது. முதற்கருவி மீட்புப் பணியைச் சார்ந்த நிறுவனங்களின் பேச்சு வழியில் பிறந்தது. இரண்டாவது முன்னறிவிப்புப் பணியைச் சார்ந்த நிறுவனங்களின் பேச்சு வழியில் பிறந்தது. இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு என்பதை மறுக்க இயலாது. ககன் அடிப்படையில் ஒலிபரப்பு முறையைச் சார்ந்தது. அதன் வழி விடை பெற முடியாது. இருப்பினும் விடை பெற முடியாத வழியைத் தேர்ந்தெடுத்ததும், பேசும் கருவியோடு கேட்கும் கருவியை இணைக்காமல் விட்டதும் நிறுவனங்களின் முடிவுகளே. மழைக்காலத்தில் ஒரு நாட்டுப்படகில் இரு கருவிகளையும் மின்னேற்றி, உப்புநீர் படாமல் பேணுவது யார் வேலை என்னும் கேள்வி எந்த அலுவலகத்தின் கோப்புக்குள்ளும் அடங்கவில்லை.

2024 ஜனவரியில் இஸ்ரோ இரண்டாம் தலைமுறை இடர் எச்சரிக்கைக் கருவியை அறிவித்தது. இதில் இடர்ச் செய்தி அனுப்பியவருக்கு அது கிடைத்ததற்கான ஒப்புகை திரும்பி வரும். புயல் எச்சரிக்கையும் மீன்வளப் பகுதிக் குறிப்பும் அதே கருவிக்கு வரும். கைப்பேசியோடு இணைத்துத் தாய்மொழியில் படிக்கலாம். அதே ஆண்டு ஆகஸ்டு 30 அன்று, 1 லட்சம் மீன்பிடிக் கலன்களில் இருவழித் தொடர்புக் கருவிகளைப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் மைய அரசால் தொடங்கப்பட்டது. 2010இலிருந்து 2024 வரை 14 ஆண்டுகள். ஒப்புகை ஒன்று திரும்பி வர எடுத்துக்கொண்ட காலம் இது. முதற்கருவியைப் பயன்படுத்துவோரின் குரல் வடிவமைப்பாளரைச் சென்றடையும் நேர்வழி இருந்திருந்தால், இவ்விடைவெளி குறைந்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

4. நல்லவாட்டின் ஒலிபெருக்கி

இதற்கு நேர்மாறான ஒரு சான்று பழைய காலத்திலேயே கிடைக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதியில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் அமைந்த அறிவு மையம், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பைப் பெற்று, ஒலிபெருக்கி வழியே தமிழில் அறிவித்தது. இன்றைய அளவில் மிக எளிய தொழில்நுட்பம் அது. எழுத்தறிவோ சொந்தக் கைப்பேசியோ தேவைப்படாமல், வலை சீர்செய்துகொண்டே கேட்க முடிந்தது என்பது அதன் சிறப்பு. மையத்தை நடத்தியவர்களும் ஊராரே.

2004 டிசம்பர் 26 அன்று, இத்திட்டத்தைச் சேர்ந்த நல்லவாடு என்னும் ஊரில், சிங்கப்பூரில் பணிபுரிந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. அச்செய்தி அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டு, மக்கள் வெளியேறி உயிர் தப்பினர். அந்த ஒலிபெருக்கி ஆழிப்பேரலை எச்சரிக்கைக்கென வடிவமைக்கப்பட்டதன்று. இந்தியாவின் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையமே 2007 அக்டோபரில்தான் இன்காய்சில் செயல்படத் தொடங்கியது. ஒலிபெருக்கியில் என்ன பேசலாம் என்று முடிவு செய்யும் உரிமை ஊரிலேயே இருந்தமையால், திட்டத்தில் இல்லாத செய்தியும் அதில் ஏறியது. ஐதராபாத்திலோ சென்னையிலோ ஒப்புதல் பெற்று அறிவிக்க வேண்டிய அமைப்பாக இருந்திருப்பின் விளைவு வேறாக இருந்திருக்கும்.

மென்பொருள் மேலாண்மை நூல்கள் இதனை முடிவெடுக்கும் உரிமையைப் பணியிடத்துக்கு அருகே நகர்த்துதல் என்று கூறும். பெருநிறுவனங்களில் மிகக் கடினமான மாற்றமும் இதுவே. ஏனெனில் இங்கு ஒருவர் கையிலிருந்து அதிகாரம் போக வேண்டியிருக்கிறது.

5. ஒப்பந்தத்தில் உறையும் மென்பொருள்

அரசு நிறுவனங்களைப் பொறுத்தவரை பேச்சு வழியை வகுப்பது பெரும்பாலும் ஒப்பந்தமே. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. ஊழலைத் தடுக்கும் அதன் நோக்கம் தேவையானது. அதைத் தளர்த்த வேண்டுமென எவரும் எளிதில் கூறிவிட முடியாது. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஒப்பந்தப்புள்ளி கோருவதற்குத் தேவைகள் அனைத்தையும் முன்கூட்டியே எழுதியாக வேண்டும். பாலம் கட்டுவதற்கு இம்முறை பொருந்தும். மென்பொருளின் உண்மைத் தேவையோ, பயன்படுத்தத் தொடங்கிய பின்னரே தெரியவரும். வின்ஸ்டன் ராய்ஸ் 1970லேயே, வரிசைமுறையில் ஒவ்வொரு கட்டத்தையும் முடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லும் முறை இடர் நிறைந்தது என்று எச்சரித்திருந்தார். பின்வந்தோர் அவர் வரைந்த படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டனர்.

2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளம் திறக்கப்பட்டபோது, முதல் நாளில் பதிவை முழுமையாக முடித்தவர் ஆறு பேர். அதை உருவாக்கியவை 55 ஒப்பந்த நிறுவனங்கள். ஒவ்வொன்றும் தன் ஒப்பந்தப்படி தன் பகுதியை ஒப்படைத்திருந்தது. முழு அமைப்பும் இயங்குகிறதா என்று பார்ப்பவர் எவருமில்லை. சீர்செய்ய வந்த சிறு குழு செய்த முதன்மையான பணி, எல்லா நிறுவனத்தாரையும் நாள்தோறும் ஒரே கூட்டத்தில் பேசவைத்ததே. சில வாரங்களில் தளம் நிமிர்ந்தது. பிரிட்டன் 2011இல் அரசு எண்மச் சேவைப் பிரிவை நிறுவியபோது, அப்பிரிவுக்குப் பிற துறைகளின் கணினிச் செலவைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தையும் அளித்தது. நல்ல அறிவுரை மட்டும் வழங்கும் பிரிவாக இருந்திருந்தால், அதனைத் துறைகள் மரியாதையோடு கேட்டுவிட்டு மறந்திருக்கும்.

இந்தியாவில் தேசியத் தகவலியல் மையம் 1976இலும், தமிழகத்தில் எல்காட் நிறுவனம் 1977இலும் தொடங்கப்பட்டன. அரசுக்குள்ளேயே தொழில்நுட்பத் திறன் வேண்டும் என்னும் எண்ணம் இங்குப் புதியதன்று. 2021 அக்டோபரில் மைய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஆலோசனைப் பணிகளுக்கு இருந்த தர மதிப்பீட்டு முறையைப் பிற பணிகளுக்கும் குறிப்பிட்ட நிபந்தனைகளோடு விரிவுபடுத்தின. குறைந்த விலை ஒன்றே அளவுகோல் என்னும் நிலை இதனால் சற்றுத் தளர்ந்தது. அதே ஆண்டு ஜூனில், தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் பல இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டபோது தமிழ் விடுபட்டதும், எதிர்ப்பு எழுந்தபின் சேர்க்கப்பட்டதும் நினைவிருக்கலாம். அமைச்சர் மட்டத்தில் பேச வேண்டிய அளவுக்கு ஒரு மொழித் தெரிவு மேலே சென்றது என்பதில், பயனாளருக்கும் உருவாக்குபவருக்கும் இடையிலான தொலைவு புலப்படுகிறது.

6. பாடு முறையும் மாறும் விதிகளும்

பழவேற்காடு ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் மரபு வழங்கி வருகிறது. உரிமை பெற்ற ஊர்களைச் சேர்ந்தோர் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்பது முறைப்படி வரையறுக்கப்படும். பொதுவளங்களை மக்களே வகுத்த விதிகளால் பேண முடியும் என்று எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில் நிறுவிய கருத்துக்கு இம்மரபு பொருத்தமான சான்று. ஊர்க்கூட்டத்தில் விதி பேசப்படுகிறது. விதியை மாற்றக் கூடுவோர் அதன்படி மீன்பிடிப்போரே. விதி வகுப்போருக்கும் விதியின் விளைவைச் சுமப்போருக்கும் இடையே தொலைவு இல்லை.

இதை முன்மாதிரியாகப் புகழ்வதற்கு முன் ஒரு தடை உண்டு. பாடு உரிமை பட்டினவர் சமூகத்தின் குறிப்பிட்ட ஊர்களுக்கே உரியது. ஏரியை நம்பி வாழும் பிற சமூகத்தார் அதற்கு வெளியே நிற்கின்றனர். இதனால் பூசல்களும் எழுந்துள்ளன. கூட்டத்தில் இடமில்லாதவர்க்கு விதியிலும் இடமில்லை. கான்வே கூறியது மென்பொருளுக்கு மட்டுமன்றி இதற்கும் பொருந்துவது வியப்பன்று.

7. தோணிரேவு மீனவரின் ஒரே கேள்வி

நிறுவன மாற்றத்துக்கு உதவ வருவோர் பழவேற்காட்டுச் சூழலில் தொடங்க வேண்டிய இடம் ‘இன்று போகலாமா’ என்னும் அந்த ஒற்றைக் கேள்வி. துறைவாரியாகச் செயலிகளை மேம்படுத்துவதற்கு மாறாக, அக்கேள்விக்கு விடையளிப்பதையே பணியாகக் கொண்ட ஒரு சிறு குழுவை அமைக்கலாம். வானிலை, ஏவுதளம், மீன்வளம் ஆகிய துறைகளிலிருந்து தலா ஒருவரும், முகத்துவாரத்தைக் கடந்து திரும்பும் மீனவர் சிலரும் அதில் இருக்கலாம். முதல் வெளியீடு மிகச் சிறியதாக அமையலாம்: காற்று, ஏவுநாள் தடை, முகத்துவாரத்தின் நிலை ஆகிய மூன்றையும் சொல்லும் ஒரு நிமிடத் தமிழ்க் குரல் செய்தி. அதற்கு மீனவர் குரலிலேயே விடையளிக்க இயல வேண்டும். ‘முகத்துவாரம் அடைத்துவிட்டது’ என்று காலை ஐந்து மணிக்கு ஒருவர் சொன்னால், ஐந்தேகால் மணிக்குள் அடுத்தவருக்குப் போகும் செய்தியைத் திருத்தும் அதிகாரம் குழுவில் ஒருவருக்கு இருக்க வேண்டும். இதில் மென்பொருள் வேலை எளிது. அந்த அதிகாரத்தை எழுத்தில் பெறுவதும், தவறான செய்தி போனால் பொறுப்பேற்பவர் யார் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதும் கடினமானவை.

செலவு முறையும் இதற்கேற்ப மாற வேண்டும். திட்டம் முடிந்ததும் குழு கலையும் என்றால், முகத்துவாரம் இடம் மாறும் அடுத்த பருவத்தில் செய்தியைத் திருத்த ஆளிருக்காது. ஆண்டுதோறும் தொடரும் ஒரு சிறுதொகை, ஒருமுறை மட்டும் வரும் பெருந்தொகையைவிட இங்குப் பயன்தரும்.

மற்றொரு தடை தரவுத்தளத்திலேயே உள்ளது. மீன்பிடிக் கலன்களின் பதிவுக்கும் உரிமத்துக்கும் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ரியல்கிராஃப்ட் பதிவேடு, பெயருக்கேற்ப, கலனை அடிப்படை அலகாகக் கொண்டது. தொடர்புக் கருவிகளும் கலன்களுக்கே வழங்கப்படுகின்றன. பழவேற்காட்டு ஏரியில் இருளர் சமூகத்தைச் சேர்ந்த பெண்களும் ஆண்களும் ஆழமற்ற நீரில் அமிழ்ந்து, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கின்றனர். பிடித்ததை இட்டுவைக்க வாயில் கவ்விய பறி ஒன்றே அவர்களின் கருவி. நீர்மட்டமும் காற்றும் அவர்களுக்கும் தெரிய வேண்டும். கலன் எண்ணைக் கேட்கும் படிவத்தில் அவர்கள் நிரப்புவதற்கு எதுவுமில்லை.